மூச்சுவிடும் கல்: நெகிழும் படிகங்களின் வரலாறும் நமது பங்கும்

கல்லுக்கு உறுதியும் பளிங்குக்குத் தெளிவும் இயல்பு என்பது பல மொழிகளில் ஊறிப்போன எண்ணம். பனிக்கட்டிக்கு வழங்கிய ‘கிறுஸ்டல்லொஸ்’ என்னும் சொல்லையே கிரேக்கர் பளிங்குக்கும் இட்டனர். இனி ஒருபோதும் உருகாதவாறு உறைந்துவிட்ட பனியே பளிங்கு என்பது பண்டையோர் பலரின் நம்பிக்கை. அரபியர் அதனைப் ‘பில்லவ்ர்’ என்றனர். பேரறிஞர் அபூரைஹான் அல்பிரூனி (973–1048) தம் முதுமைக் காலத்தில் கஸ்னாவில் இயற்றிய ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் மணிக்கல் நூலில் இக்கல்லுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. பாத்திமிய கலீபா அல்அஸீஸின் (ஆட்சி 975–996) பெயர் பொறித்த பளிங்குக் கூசா ஒன்று இன்றும் வெனிஸ் நகரின் ஸான் மார்க்கோ தேவாலயக் கருவூலத்தில் காக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அதன் வடிவம் மாறவில்லை. மாறாமையே படிகத்தின் பெருமை என்று மக்கள் கருதியதில் வியப்பில்லை.

அந்தப் படிகம் வளையும், விரியும், சுருங்கும், உள்ளே வருவதை ஏற்று இடம் கொடுக்கும், அது வெளியேறியதும் பழைய வடிவுக்குத் திரும்பும் என்று சொன்னால் முன்னோர் ஏற்றிருப்பார்களா? சென்ற முப்பது ஆண்டுகளுக்குள் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை இது. இவ்வகைப் படிகங்களின் பெருங்குடும்பமாகிய ‘உலோக-கரிமச் சட்டகங்கள்’ உருவாவதற்கு வழிவகுத்த மூவருக்கு 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. கியோட்டோவைச் சேர்ந்த சுசுமு கிதகாவா, மெல்பர்னைச் சேர்ந்த ரிச்சர்ட் ராப்சன், பெர்க்லியைச் சேர்ந்த உமர் யாகீ ஆகியோரே அம்மூவர். இவர்களுள் யாகீ, பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் 1965இல் ஜோர்டானின் அம்மான் நகரில் பிறந்தவர்.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் நம்மிடையே இரு குரல்கள் எழுவது வழக்கம். ‘நம்மவர் வென்றார்’ என்பது ஒன்று. ‘இது நம் வேதத்தில் முன்பே சொல்லப்பட்டதுதான்’ என்பது மற்றொன்று. இவ்விரு குரல்களையும் எடைபோடுமுன் அந்தக் கல்லின் கதையை முறையாக அறிந்துகொள்வது நலம்.

கொதிக்கும் கல்

1756ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்சல் குரோன்ஸ்டெட் ஒருவகைக் கனிமத்தை நெருப்பில் காய்ச்சினார். உலர்ந்த கல்லாகத் தோன்றிய அது நுரைத்துப் பொங்கி நீராவியை வெளிவிட்டது. கொதிக்கும் கல் என்று பொருள்படக் கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து அதற்கு ‘சியோலைட்டு’ எனப் பெயரிட்டார். கல்லின் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத அறைகள் உள்ளன, அவ்வறைகளில் நீர் குடியிருக்கிறது என்ற செய்தி அந்த நுரையில் அடங்கியிருந்தது. 1840இல் பிரெஞ்சு அறிஞர் தாமூர் அடுத்த அடியை எடுத்துவைத்தார். நீரை வெளியேற்றிய பின்பும் அப்படிகத்தின் தெளிவும் உருவமும் கெடவில்லை என்றும், இழந்த நீரை அது மீண்டும் ஏற்றுக்கொள்கிறது என்றும் அவர் காட்டினார்.

படிகத்தின் அகத்தைக் காணும் கருவி 1912இல்தான் கிட்டியது. அவ்வாண்டு மாக்ஸ் ஃபான் லாவே என்பார், படிகத்தினூடே செல்லும் எக்ஸ் கதிர்கள் ஒழுங்கான புள்ளிக் கோலம் ஒன்றை உண்டாக்குவதை வெளிப்படுத்தினார். அதைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் முறையைப் பிராக் குடும்பத்துத் தந்தையும் மகனும் வகுத்தனர். சியோலைட்டின் நுண்துளைகள் ஒரே அளவினவாய் வரிசையாக அமைந்திருப்பது இவ்வழியே தெளிவாயிற்று. அளவுக்கு ஏற்ற மூலக்கூறு உள்ளே நுழையும், பெரியது வெளியே நிற்கும். எனவே அது மூலக்கூறுகளைச் சலிக்கும் சல்லடையாயிற்று. கடின நீரை மென்னீராக்குவதிலும், 1960களிலிருந்து கச்சா எண்ணெயைப் பிரித்து எரிபொருளாக்குவதிலும் அதன் பணி மிகப் பெரிது.

எனினும் சல்லடை என்ற உவமையிலேயே ஓர் எல்லை அடங்கியுள்ளது. சல்லடையின் கண் விரிவதில்லை, சுருங்குவதுமில்லை. சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனோடு கோத்து நிற்கும் சியோலைட்டின் கூடு மிகச் சிறிதளவே அசைந்து கொடுக்கக்கூடியது. நுண்துளைப் படிகம் என்றாலே விறைப்பான கூடு என்ற கருத்து அறிவுலகில் நிலைத்துவிட்டது.

மரப்பந்தும் துளையும்

1974ஆம் ஆண்டு மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ராப்சன், மாணவர்களுக்கு மூலக்கூறுகளின் அமைப்பை விளக்கும் மாதிரிகளைச் செய்ய முற்பட்டார். அணுவுக்கு ஒரு மரப்பந்து, பிணைப்புக்கு ஒரு குச்சி. ஒவ்வொரு பந்திலும் எவ்விடத்தில் துளையிட வேண்டும் என்பதைப் பட்டறைக்குக் குறித்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. துளைகள் சரியான கோணங்களில் அமைந்துவிட்டால் பந்துகளைக் கோக்கும்போது உரிய வடிவம் தானே உருவாகிவிடுவதை அவர் கண்டார். வடிவம் பற்றிய அறிவு முழுவதும் அத்துளைகளின் இருப்பிடத்திலேயே பொதிந்திருந்தது. மரப்பந்துகளுக்குப் பதிலாக உலோக அயனிகளையும், குச்சிகளுக்குப் பதிலாகக் கரிம மூலக்கூறுகளையும் வைத்தால் என்ன என்ற வினா அவருள் எழுந்தது.

அவ்வினாவைச் சோதித்துப் பார்க்கப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. நான்கு திசைகளில் கைநீட்டும் இயல்புடைய செப்பு அயனியையும் நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் சேர்த்தார். அவை குழம்பிக் குவியலாகும் என்று பலரும் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் வைரத்தின் அடுக்கைப் போன்ற ஒழுங்கோடு, அதே வேளையில் உள்ளே பெரும் வெற்றிடங்களோடு படிகம் உருவாயிற்று. இவ்வாய்வு 1989இல் வெளிவந்தது. ஆயினும் இவ்வகைச் சட்டகங்கள் நலிந்தவை. உள்ளே நிரம்பியிருந்த திரவத்தை வெளியேற்றினால் கூடு இடிந்து விழும். கட்டத் தெரிந்தது, குடியிருக்கச் செய்யத் தெரியவில்லை என்ற நிலை அது.

நெகிழ்வு என்னும் துணிவு

1951இல் கியோட்டோவில் பிறந்த கிதகாவாவை இளமையில் கவர்ந்தது ஒரு பழஞ்சீனக் கருத்து. பயனற்றது எனத் தோன்றுவதிலும் பயன் உண்டு என்ற சுவாங்ஸீ ஞானியின் சிந்தனை அது. அவருக்கு அத்தகைய மனத்துணை தேவையாகவே இருந்தது. அவருடைய தொடக்க காலப் படிகங்கள் நிலையற்றவையாக இருந்தன. பயன் தெரியாத ஆய்வு என்பதால் அவர் கேட்ட நல்கைகள் மறுக்கப்பட்டதும் உண்டு. 1997இல் கோபால்ட்டு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் அயனிகளைக் கொண்டு, திறந்த வாய்க்கால்கள் ஊடறுத்துச் செல்லும் சட்டகங்களை அவரது குழுவினர் அமைத்தனர். திரவத்தை நீக்கியும் அவை இடியவில்லை. மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய வாயுக்களை உள்வாங்கி வெளிவிட்டன.

அப்போதும் ஒரு தடை எஞ்சியிருந்தது. வாயுவைத் தேக்குவதற்குச் சியோலைட்டு இருக்கும்போது இப்புதுப் பொருள் எதற்கு? இவ்வினாவுக்குக் கிதகாவா 1998இல் ஜப்பானிய வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் விடையளித்தார். நுண்துளைச் சட்டகங்களை அவர் மூன்று தலைமுறைகளாக வகுத்தார். விருந்து மூலக்கூறு வெளியேறியதும் இடிந்துபோவன முதல் தலைமுறை. வெளியேறினாலும் அசையாது விறைப்பாக நிற்பன இரண்டாம் தலைமுறை. விருந்து வரும்போது விரிந்தும் போகும்போது சுருங்கியும், மீண்டும் வந்தால் மீண்டும் விரிந்தும் கொடுப்பன மூன்றாம் தலைமுறை. சியோலைட்டால் இயலாத அந்த மூன்றாவதே இப்புதுக் குடும்பத்தின் தனிச்சிறப்பாகும் என்று அவர் எடுத்துரைத்தார். அன்றைக்கு அது பெரும்பாலும் வருங்காலத்தை நோக்கிய ஒரு கருத்தே.

படிகம் எவ்வாறு நெகிழும்? கடைகளுக்கு முன்னால் மாட்டப்படும் மடிப்புக் கம்பிக் கதவை எண்ணிப் பார்க்கலாம். இழுத்து மூடினால் கட்டங்கள் அகல்கின்றன, ஒதுக்கித் திறந்தால் அவை ஒடுங்குகின்றன. இரு நிலைகளிலும் ஒரு கம்பியும் நீளவோ குறையவோ இல்லை, ஓர் ஆணியும் கழலவில்லை. மாறுவது இணைப்புகளின் கோணம் மட்டுமே. நெகிழும் படிகங்கள் பலவற்றில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. உலோகத்துக்கும் கரிமக் கம்பிக்கும் இடையிலான பிணைப்பு அறுவதில்லை. எது எதனோடு இணைந்துள்ளது என்ற உறவும் மாறுவதில்லை. இணைப்பின் கோணம் திரும்ப, அறை அகலமாகவோ குறுகலாகவோ ஆகிறது. ஆகவே நெகிழ்வு வேறு, குலைவு வேறு. முதல் தலைமுறைச் சட்டகம் குலைந்தது, மூன்றாம் தலைமுறைச் சட்டகம் நெகிழ்கிறது. ஒழுங்கு கெடாமல் உருமாறுவதே இதன் நுட்பம்.

சான்றுகள் விரைந்து குவிந்தன. 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘வாயில் திறப்பு’ என்னும் நிகழ்வை ஒரு செப்புச் சட்டகத்தில் காட்டினர். குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை அக்கல் வாயுவை அறவே ஏற்கவில்லை. அவ்வழுத்தத்தை எட்டியதும் கதவு திறந்ததுபோல் ஒரே வீச்சில் உள்வாங்கியது. பிரான்ஸின் வெர்சாய் நகரில் ஜெரார் ஃபெரேயின் குழுவினர் குரோமியத்தைக் கொண்டு அமைத்த ‘எம்.ஐ.எல்.-53’ என்னும் சட்டகம் 2002இல் அறிவிக்கப்பட்டது. உலர்ந்த நிலையில் அகன்று நின்ற அதன் அறைகள், நீர் புகுந்ததும் ஒடுங்கின. நீர் மூலக்கூறுகள் எதிரெதிர்ச் சுவர்களைப் பற்றி இழுத்ததால் படிகத்தின் கன அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நீரை நீக்கினால் மீண்டும் அகன்றது. ஃபெரே இதனை ‘மூச்சு’ என்றே வருணித்தார். அதே குழுவினரின் வேறு சில சட்டகங்கள் திரவம் புகும்போது தம் கன அளவில் இருமடங்குக்கும் மேலாக விரிந்தன. 2009இல் கிதகாவாவும் அவருடைய உடனாய்வாளர்களும் இவ்வினத்துக்கு ‘மென் நுண்துளைப் படிகங்கள்’ என்ற பெயரை வழங்கினர்.

இந்நெகிழ்வால் பயன் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வாகன எரிபொருளாக மீத்தேனைத் தேக்க நுண்துளைப் பொருளைக் கலத்தில் நிரப்பலாம். விறைப்பான சட்டகமானால் தான் ஏற்ற வாயுவின் ஒரு பகுதியை விடாமல் பற்றிக்கொள்ளும். கலத்தில் இருந்தும் அது இயந்திரத்துக்கு எட்டாது. நெகிழும் சட்டகமோ அழுத்தம் தணியும்போது தன் அறைகளை மூடிக்கொண்டு ஏறத்தாழ முழுவதையும் வெளியேற்றிவிடும். வாயு ஏறும்போது பிறக்கும் வெப்பத்தின் ஒரு பகுதியையும் அதன் விரிவே ஈர்த்துக்கொள்ளும். பெர்க்லியில் ஜெஃப்ரி லாங்கின் குழுவினர் 2015இல் இதனை மெய்ப்பித்தனர். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டனர். அழுத்தம் கூடினால் வாயுவை மேலும் ஏற்பதே பொருள்களின் வழக்கம். அவர்களது ‘டி.யூ.டி.-49’ என்னும் சட்டகமோ ஒரு கட்டத்தில் திடீரெனச் சுருங்கி, ஏற்ற வாயுவை வெளியே தள்ளியது.

பாலைவனத்துக் காற்று

யாகீயின் பங்கு சற்று வேறு திசையிலானது. ‘உலோக-கரிமச் சட்டகம்’ என்ற பெயர் 1995இல் அவர் வழங்கியதே. 1999இல் அவர் வெளியிட்ட ‘எம்.ஓ.எஃப்.-5’ நெகிழ்வுக்கன்றி உறுதிக்குப் பெயர் பெற்றது. துத்தநாகமும் ஆக்சிஜனும் சேர்ந்த திரள்களை மூலைக்கற்களாகக் கொண்ட அக்கூடு, வெறுமையான நிலையிலும் 300 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கியது. அதன் ஒரு கிராமில் அடங்கிய உட்பரப்பு சுமார் 2900 சதுர மீட்டர் எனக் கணிக்கப்பட்டது. இரண்டு மூன்று கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு சுருண்டு கிடக்கிறது என்று கொள்ளலாம். ஒரே அடிப்படை அமைப்பை வைத்துக்கொண்டு கம்பிகளை மட்டும் மாற்றி, அறைகளை வேண்டிய அளவுக்குச் செய்துகொள்ள இயலும் என்பதையும் அவர் பின்னர் காட்டினார்.

அவரது பிற்கால ஆய்வே பொதுமக்களின் கவனத்தை ஈர்த்தது. வறண்ட பாலைவனக் காற்றிலும் சிறிது ஈரம் உண்டு. அலுமினியச் சட்டகம் ஒன்றைக் கொண்டு அவருடைய குழுவினர் அமைத்த கருவி, அந்த ஈரத்தைப் பற்றி, வெப்பமூட்டும்போது வெளிவிட்டு, நீராகத் திரட்டியது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு கிலோ சட்டகப் பொருளுக்கு நாளொன்றுக்கு 0.7 லிட்டர் நீர் கிடைத்தது என 2019இல் அறிவித்தனர். இவ்வேலைக்கு விரிந்து சுருங்கும் கல் தேவையில்லை. நீரை இறுகப் பற்றாமலும், எளிதில் நழுவவிடாமலும் இருக்கும் அறைகள் போதும். உறுதி வேண்டிய இடத்தில் உறுதி, நெகிழ்வு வேண்டிய இடத்தில் நெகிழ்வு என்ற இரண்டுமே இக்குடும்பத்தின் செல்வங்கள்.

நீரைத் தேடும் கல்லை உருவாக்கியவர் நீரின் அருமை அறிந்தவர். உடன்பிறந்தார் பலரோடு அவர் வளர்ந்தது ஒரே அறையில். அவ்வீட்டில் மின்சாரமில்லை, குழாய் நீருமில்லை. பத்து வயதில் ஒருநாள், வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் பள்ளி நூலகத்துக்குள் அவர் யாருமறியாமல் நுழைந்தார். கைக்கு வந்த நூலைப் பிரித்தார். பொருள் விளங்காத படங்கள் சில அவரைக் கட்டி நிறுத்தின. அவை மூலக்கூறுகளின் படங்கள். பதினைந்தாம் வயதில் தந்தையின் கண்டிப்பான சொல்லுக்கிணங்கி அமெரிக்கா சென்று, சமுதாயக் கல்லூரி ஒன்றிலிருந்து படிப்படியாக உயர்ந்தார். 2015இல் மன்னர் ஃபைசல் பரிசும் முஸ்தபா பரிசும் அவரை வந்தடைந்தன. பத்தாண்டுகளுக்குப் பின் நோபெல் பரிசு கிட்டியது.

நமது பங்கு யாது?

இனி அவ்விரு குரல்களுக்கு வருவோம். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 74ஆம் வசனத்தில், கற்களிலிருந்து நீர் வெளிப்படுவது பற்றிய குறிப்பு உண்டு. காற்றிலிருந்து நீரெடுக்கும் கல்லைப் பற்றிய செய்தியோடு இவ்வசனத்தை இணைத்துப் பேச எவருக்கும் ஆசை எழக்கூடும். அந்த ஆசை இன்று பிறந்ததன்று. எல்லா அறிவுத் துறைகளுக்கும் இறைமறையே ஊற்று என்னும் கருத்தை இமாம் கஸ்ஸாலி (இறப்பு ஹிஜ்ரி 505) தம் ‘ஜவாஹிருல் குர்ஆன்’ நூலில் விரித்துரைத்தார். அதற்கு மாறாக, கிரனாதாவின் இமாம் ஷாதிபி (இறப்பு ஹிஜ்ரி 790) தம் ‘அல்முவாஃபகாத்’ நூலில், எல்லாக் கலைகளையும் மறைக்குள் ஏற்றிச் சொல்வோரைக் கண்டித்தார். மறையை நம்மினும் நன்கறிந்த முதல் தலைமுறையினர் அதனை அவ்வாறு அணுகவில்லை என்பது அவருடைய வலுவான வாதம்.

இருவரும் நம் தலைமேல் வைத்துப் போற்றத்தக்கவர்களே. எனினும் இவ்விடத்தில் ஷாதிபியின் எச்சரிக்கை பொருத்தமானது என்றே கருதத் தோன்றுகிறது. மேற்கண்ட வசனம் கனிமவியலைப் பேசவில்லை. பசுவின் நிகழ்ச்சியைத் தொடர்ந்து, சான்றுகளைக் கண்ட பின்பும் இளகாத உள்ளங்களைக் கண்டிக்கும் இடத்தில் அது அமைந்துள்ளது. கல்லைப் பற்றிய பேச்சு அங்கே உள்ளத்துக்கு அளவுகோலாக வருகிறது. அதனைக் கண்டுபிடிப்பின் முன்னறிவிப்பாக்கினால் வசனத்தின் கூர்மை மழுங்கிவிடும். அன்றியும், இவ்வகை விளக்கங்கள் எப்போதும் கண்டுபிடிப்புக்குப் பின்னரே பிறக்கின்றன. ராப்சனின் மரப்பந்துக்கு முன்பு இவ்வசனத்தைக் கொண்டு எவரும் ஒரு படிகத்தையும் அமைத்துவிடவில்லை. நாளை அறிவியல் கருத்து மாறினால் மாற்றப்படுவது நம் விளக்கம் மட்டுமன்று, கேட்டவரின் நம்பிக்கையும் ஆட்டம் காணும்.

‘நம்மவர்’ என்னும் குரலில் மகிழ்ச்சி இருப்பது இயல்பே. அம்மகிழ்ச்சியில் குற்றமில்லை. ஆயினும் இக்கண்டுபிடிப்பின் சங்கிலியில் சுவீடன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, ஜப்பான், ஜெர்மனி எனப் பல நாட்டார் கைகோத்துள்ளனர். அச்சங்கிலியில் நம் மரபுக்குரிய கண்ணி எது என்று தேடினால் அல்பிரூனியிடம் செல்ல வேண்டும். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்பது அவர் காலத்தில் பலரும் எழுதிவைத்த செய்தி. அவர் அதை எழுதியும் விடவில்லை, எள்ளித் தள்ளியும் விடவில்லை. பாம்பொன்றுக்கு மரகத மாலையைச் சூட்டி, அதன் கூடையிலும் மரகதம் பரப்பி, மாதக்கணக்கில் கவனித்தார். பாம்பின் பார்வைக்கு ஒன்றும் நேரவில்லை என்று அதே ‘ஜமாஹிர்’ நூலில் பதிந்தார். மணிகளையும் உலோகங்களையும் நீரிலிட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியை அவர் கண்ட அளவுகளை அல்காஸினி 1121இல் இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’ நூல் காத்துத் தந்துள்ளது. கல்லின் இயல்பைக் கல்லிடமே கேட்டறியும் இம்முறையே நம் முன்னோர் விட்டுச்சென்ற உரிமைச் சொத்து. கிதகாவா 1998இல் சொன்னதும் ஒரு கருத்தே. சோதித்துப் பார்த்தவர்கள் இருந்ததனால்தான் அது அறிவாயிற்று.

அம்மானின் அந்தப் பள்ளி நூலகம் வழக்கம்போல் பூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ண வேண்டியுள்ளது. நம் அரபுக் கல்லூரிகளின் குதுப்கானாக்களில் தப்ஸீரும் ஃபிக்ஹும் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் அருகே ‘ஜமாஹிர்’ இருக்கிறதா? படிகங்களின் படம் போட்ட எளிய தமிழ் நூல் ஒன்றேனும் இருக்கிறதா? பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து பிரித்துப் பார்க்கும் வகையில் அலமாரி திறந்திருக்கிறதா? யாகீயின் வெற்றியைக் கொண்டாடும் ஜமாஅத்துகள் வாழ்த்துச் சுவரொட்டிக்கு ஆகும் தொகையில் ஓர் அலமாரி நூல்களை வாங்கி, அதன் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுக்கட்டும். உள்ளம் இளக வேண்டும் என்ற 74ஆம் வசனத்தின் அறிவுரைக்கு அதுவும் ஒரு மறுமொழியாக அமையும், இன்ஷா அல்லாஹ்.